கப்பியைத் தாங்கும் தண்டவாளம்

"தம்பி, இதை எழுதினால் பிறகு ஆரும் வந்து கழட்டிக்கொண்டு போவினமோ?" என்று யாழ்ப்பாணத்து மல்லாகத்தில் ஓர் ஆச்சி என்னைக் கேட்டார். "இல்லை ஆச்சி, இது வெறும் பதிவுதான்" என்றேன். அப்படி உறுதி கூற எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. பட்டியல் யார் கைக்குப் போகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

காங்கேசன்துறையோடு முடியும் பழைய ரயில் பாதையில் எஞ்சியவற்றைப் பதிவதே எங்கள் வேலை. 1905இல் கொழும்போடு இணைந்த அந்தப் பாதையில் 1990இல் போரால் ரயில் நின்றுபோன பின், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்கு, அதாவது பதுங்குகுழிகளுக்கு, கூரையான கதை இங்கு எல்லோரும் அறிந்ததே. 2015 ஜனவரி 2ஆம் திகதி கடைசி நிலையம்வரை ரயில் திரும்பியபோது, அது ஓடியது புதிதாக இட்ட தண்டவாளத்தில். ஆகவே பழைய இரும்பை நிலையங்களில் அல்ல, வளவுகளில்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது.

ஆச்சியின் பங்கர் எப்போதோ தூர்ந்துவிட்டது. அதன் மேலிருந்த ஒரு துண்டு, கிணற்றின் இரு தூண்களுக்கும் குறுக்கே கப்பியைத் தாங்கி நின்றது. கொளுக்கி உரசிய இடம் மட்டும் பளபளத்தது. பக்கவாட்டில், தூணோடு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புக்கு அடியில், புடைத்த எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் அப்படித்தான் இருக்கும். சுரண்டியிருந்தால் வாசித்திருக்கலாம். "செல்லடிக்கேக்கை இதுக்குக் கீழதான் பிள்ளையள் படுத்தவை" என்று அவர் சொன்ன பிறகு கை வரவில்லை.

படிவத்தில் 'உரிமையாளர்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் ஆச்சியின் பெயரை எழுதுவதா, ரயில்வே திணைக்களம் என்று எழுதுவதா என்று நின்றவன், ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துப் பையில் வைத்தேன். மேற்பார்வையாளரிடம் அந்த வளவில் எதுவும் இல்லை என்றேன். ஒரு முதியவரின் கிணற்றைக் காப்பாற்றினேன் என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுத வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்றுதான் கேட்டார். நான் சொன்ன பதிலை நானே நம்பியிருந்தால் எழுதியிருப்பேன் அல்லவா? தவிர, இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதுவதற்கும், இருப்பதை இல்லை என்பதற்கும் பதிவு வேலையில் பெரிய வேறுபாடு இல்லை.

இதை அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லவும் இல்லை. நான் தாளை மடித்ததை ஆச்சி பார்த்துக்கொண்டுதான் நின்றார். எழுதி முடித்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்.