நன்னடத்தை அறிக்கைக்கு முதலில் ஆள் வேண்டும்

செலவுக் குறைப்பில் வெட்டிய சேவையை மீட்கும் பேச்சு எழுந்தால், கோலாலம்பூர் சிறார் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது நன்னடத்தை அதிகாரியைத்தான், அதாவது பிள்ளையைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதி, பிறகு கண்காணிப்பவரை. கட்டடமும் கணினியும் பிறகு வரட்டும்.

2001 சிறார் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குற்றம் நிரூபணமானதும் மாஜிஸ்திரேட் நன்னடத்தை அறிக்கையைப் பார்த்த பிறகே உத்தரவிட வேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. செந்தூல் அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா வேலை முடிந்து வரும் நேரத்தில். வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும். அம்மா தமிழில்தான் மனம் திறப்பார் என்றால் தமிழ் தெரிந்தவர் வேண்டும்.

ஆள் குறைந்தால் முதலில் விடுபடுவது இந்த வீட்டு வருகை. அறிக்கை தாமதமாகும், வழக்கு தள்ளிப்போகும். பிணை இல்லாத பிள்ளை அதுவரை தடுப்பில் கிடக்கும். பள்ளி நாள்கள் போனால் திரும்பி வராது!

உத்தரவுக்குப் பின்னும் வேலை இருக்கிறது: நன்னடத்தைக் கண்காணிப்பு 1 முதல் 3 ஆண்டு வரை. கையெழுத்து வாங்குவது மட்டும் கண்காணிப்பு ஆகாது. எனவே திரும்பக் கிடைக்கும் பணத்தை அதிகாரிகளுக்கும் அவர்களின் பயணப்படிக்கும் ஒதுக்குங்கள்.

பெற்றோரே, பிறப்புப் பத்திரம், பள்ளி அறிக்கை அட்டை, கிளினிக் புத்தகம் மூன்றையும் முதல் சந்திப்பிலேயே அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.