டிஸ்கவரியும் வால்பாறை மழையும்

ஜூலை 17, 2025
வால்பாறை வந்து மூணு நாள் ஆச்சு, மழை விட்டபாடில்ல. எஸ்டேட் ஆபீஸ் விசாட் லிங்க் (சின்ன டிஷ் வழியா சாட்டிலைட்ல வர்ற நெட்) வருது, போகுது, வருது. டிஷ் அலைன்மென்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு, மேகம்தான் எதிரி. ரூம்ல சும்மா உக்காந்து படிச்சிட்டிருந்தேன், சரியா இதே தேதியில 1993ல நாசாவோட டிஸ்கவரி ஷட்டில் (விண்வெளி ஓடம்) கிளம்ப வேண்டியது, எஸ்டிஎஸ்-51ங்கிற பயணம். பூஸ்டர (பக்கவாட்டு ராக்கெட்) ஏவுதளத்தோட புடிச்சிருக்குற போல்ட்ட வெடிக்க வைக்கிற சர்க்யூட் முன்னாடியே சார்ஜ் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க. நல்லவேளை பாத்தாங்க.

இனிமே அந்தந்த தேதிக்கு எழுதலாம்னு இருக்கேன்.

ஜூலை 24
ரெண்டாவது தடவ. 19 செகண்ட் இருக்கும்போது நின்னுச்சு, வலது பூஸ்டர்ல ஹைட்ராலிக்குக்கு பவர் குடுக்குற யூனிட்ல கோளாறு. இங்க மழை கொஞ்சம் கம்மி.

ஆகஸ்ட் 12
இதான் பெரிய கத. நடுவுல ஆகஸ்ட் 4க்கு மாத்தி, அப்புறம் பெர்சீட் விண்கல் மழை அதிகமா இருக்கும்னு பயந்து 12க்கு தள்ளிட்டாங்க (பாருங்க, அங்கயும் மழைதான்). மூணு எஞ்சினும் பத்திக்கிச்சு, கிளம்ப 3 செகண்ட் பாக்கி, கம்ப்யூட்டரே எல்லாத்தையும் அணைச்சிடுச்சு. ரெண்டாவது எஞ்சின்ல எரிபொருள் ஓட்டத்தப் பாக்குற சென்சார் பழுது, அவ்ளோதான். பூஸ்டர் மட்டும் பத்தியிருந்தா அணைக்க வழியே இல்ல. உள்ள கல்பர்ட்சன், ரெட்டி, நியூமன், பர்ஷ், வால்ஸ்னு அஞ்சு பேரு. பெல்ட்டோட படுத்துக்கிட்டு அந்த சத்தம் அடங்குறத கேட்டிருப்பாங்கல்ல... எனக்கு மோடம்ல பச்ச லைட் அணைஞ்சாலே வயித்தக் கலக்கும்.

செப்டம்பர் 12
ஒருவழியா ஏறிட்டாங்க. இன்னைக்கு நீளமாத்தான் எழுதப்போறேன், ஏன்னா இவங்க கொண்டு போன ஆக்ட்ஸ் சாட்டிலைட்தான் நான் இதப் படிக்கவே காரணம். சோதனைக்குன்னே நாசா செஞ்சது. 30 கிகாஹெர்ட்ஸ்ல மேல அனுப்பி 20ல கீழ இறக்குற கேஏ பேண்ட்ங்கிற அலைவரிசை. அப்ப இருந்த சாட்டிலைட்டுங்க ஒரு நாட்டுக்கே ஒரே பீம (சிக்னல் கத்தை) பரப்பும், பூவாளியில தண்ணி தெளிக்கிற மாதிரி. இது ஒவ்வொரு செடிக்கா சொம்புல ஊத்துற மாதிரி சின்னச் சின்ன பீமா ஊர் ஊருக்கு தாவித் தாவி போகும், டேட்டாவ யாருக்கு அனுப்பணும்னு மேலயே பிரிச்சும் குடுக்கும். ஆனா 30 கிகாஹெர்ட்ஸ்னா அலை நீளம் ஒரு சென்டிமீட்டர்தான், மழைத்துளிக்கு கிட்டத்தட்ட வந்துட்டோம், அதான் மழை அப்படியே முழுங்கிடும். அதவிடக் கம்மி ஃப்ரீக்வென்சில ஓடுற எங்க கேயூ பேண்டே இந்தப் பாடு படுது. அதுக்கு இவங்க வச்ச வைத்தியம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு: எந்த ஸ்டேஷன்ல மழையோ அதுக்கு மட்டும் வேகத்தக் கொறச்சு, பிழை திருத்தற கோடு கூடுதலா சேத்து அனுப்பும். காது மந்தமான பாட்டிகிட்ட நிறுத்தி நிதானமா ரெண்டு தடவ சொல்லுவோமே, அது.

சரி, ஆக்ட்ஸ ஷட்டில்லேர்ந்து வெளிய விட்ட கதைக்கு வர்றேன். விட அரை மணி நேரம் இருக்கும்போது ஹூஸ்டன் கண்ட்ரோல் ரூம் பேசுறது ஷட்டிலுக்கு கேக்கல! அங்கேர்ந்து வர்றது மட்டும் கீழ கேக்குது. தகவல் தொடர்பு சாட்டிலைட்ட கையில வச்சிக்கிட்டு இப்படி. அதனால விடாம தள்ளிப்போட்டாங்க, ஃப்ரீக்வென்சி மாத்தி சரி பண்ணிட்டு சாயங்காலம் அஞ்சே காலுக்கு விட்டாங்க. அப்பவும் சாட்டிலைட்ட கழட்டி விட ஒரு வெடித்திரி வெடிச்சா போதும், இன்னொண்ணு ஸ்பேருக்கு, ரெண்டும் சேந்து வெடிச்சு ஷட்டிலோட பின்பக்க சுவத்துல இன்சுலேஷன் போர்வைங்க கிழிஞ்சிடுச்சு. சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஷட்டில் சுத்துறது 300 கிலோமீட்டர் பக்கம், இது போகவேண்டியது 36,000. 45 நிமிஷம் கழிச்சு டாஸ்ங்கிற ராக்கெட் பத்தி அத மேல தள்ளிடுச்சு.

செப்டம்பர் 13
ரெண்டாவது சாட்டிலைட், ஆர்ஃபியஸ்-ஸ்பாஸ். ஜெர்மனிக்காரங்களோட புற ஊதா டெலஸ்கோப். ஆறு நாள் தனியா விட்டுட்டு திரும்ப புடிச்சிக்கிறது.

செப்டம்பர் 16
நியூமனும் வால்ஸும் வெளிய, 7 மணி நேரத்துக்கு மேல. டிசம்பர்ல ஹப்பிள ரிப்பேர் பண்ணப் போறதுக்கு டூல்ஸ் ட்ரயல். கடைசில டூல் பாக்ஸ் மூடி மூட மாட்டேங்குது! எங்க செல்வம் அண்ணன் பாத்தா "முழங்கால வச்சு அமுக்குடா"ன்னு சொல்லியிருப்பாரு.

செப்டம்பர் 19
பர்ஷ் ரோபோ கையால ஆர்ஃபியஸப் புடிச்சிட்டாரு. எனக்கு இன்னைக்கு பொள்ளாச்சியில சைட், டயர்ட்.

செப்டம்பர் 22
நேத்தே இறங்க வேண்டியது, ஃப்ளோரிடால இறங்குற இடமான கென்னடி பக்கம் மழைன்னு ஒரு நாள் தள்ளிப்போச்சு. (சிரிச்சிட்டேன்.) இன்னைக்கு விடிகாலை நாலு மணிக்கு கொஞ்சம் முன்னாடி இறங்கிட்டாங்க, கென்னடியில ராத்திரியில இறங்குனது அதான் மொத தடவ. ஆக்ட்ஸ் 2004 வரைக்கும் மேல வேலை பாத்துச்சு.

வால்பாறையிலேர்ந்து போன், லிங்க் மறுபடி போயிடுச்சாம். வெளிய என்ன சத்தம்னு கேட்டேன், தகரத்து மேல மழைன்னாங்க. ஒரு மணி நேரம் பொறுங்கன்னு சொல்லி வச்சிட்டேன்.