கொஞ்சம் குறைங்கம்மா

"எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைங்கம்மா. அரிசி, எண்ணெய், இனிப்பு... பாத்துக்கோங்க."

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த அந்த அம்மாவிடம், ஆஸ்பத்திரி டயட்டீஷியனான நான் சொன்னது இவ்வளவுதான். கூடவே 1,400 கலோரி என்று தலைப்பிட்ட அச்சுத்தாள் ஒன்று. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் இருக்கும். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

சொன்னதில் பிழை இல்லை. 62 வயது, 84 கிலோ, 150 செ.மீ. உயரம், பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 37. சமதரையில் நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்கு இரண்டரைக் கிலோ மிச்சம். எடை கூடக் கூட ஆபரேஷன் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்றுக்கான வாய்ப்பும் ஏறும். செயற்கை மூட்டில் கிருமி உட்கார்ந்துவிட்டால் உலோகத்தின் மேல் பாசிபோலப் படிந்துகொள்ளும். மருந்து அதற்குள் எளிதில் போகாது. சில சமயம் பொருத்தியதையே கழற்ற வேண்டிவரும். அதனால்தான் சர்ஜன் சீட்டில் 'எடை குறைக்கவும்' என்று எழுதி என்னிடம் அனுப்பினார். வாரத்துக்கு அரைக் கிலோ, பத்து வாரத்தில் 5 கிலோ என்பது எங்கள் கணக்கு.

பத்து வாரம் கழித்து வந்தபோது 74 கிலோ இருந்தார். எடை மெஷின் பக்கத்தில் நின்ற நர்ஸ் கைதட்டினார்.

"பாத்தியா பாப்பா? நீ கொஞ்சம்னு சொன்ன. நான் நெறையவே கொறச்சிட்டேன்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது உறுத்துகிறது. கன்னம் ஒட்டியிருந்தது, புறங்கையில் தோல் தளர்ந்திருந்தது. நான் பார்த்தது மெஷினை.

மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.9. அது 3.5க்குக் கீழே போனாலே இந்த ஆபரேஷனுக்கு முன் யோசிப்பார்கள். ஹீமோகுளோபின் 9.8. ஃபிசியோதெரபிஸ்ட்டின் குறிப்பு இன்னும் மோசம்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஒருமுறைகூட எழ முடியவில்லை. ஆகஸ்டில் முதல் தடவை வந்தபோது மூன்று முறை எழுந்தவர். ஆபரேஷன் தள்ளிப்போனது.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்: "நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?"

அவர் இட்லிக் கடை வைத்திருப்பவர். தினம் முந்நூறு இட்லி அவித்தவர் காலையில் இரண்டு தின்றிருக்கிறார், சட்னியோடு. சாம்பாரில் எண்ணெய் மிதக்கிறது என்று அதை விட்டுவிட்டார். மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் பொரியல். சாயங்காலம் கடுங்காப்பி. ராத்திரி வெள்ளரிக்காய் அல்லது ஒரு கொய்யா. பாலில் கொழுப்பு, முட்டையில் கொலஸ்ட்ரால் என்று இரண்டும் போயின. மீன்? "புரட்டாசி வந்துருச்சே பாப்பா." நான் கொடுத்த பத்து வாரத்துக்குள் முழுப் புரட்டாசியும் அடங்கியிருந்தது. என் மேஜைமேலேயே காலண்டர் இருந்தது.

கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். அந்தச் சோற்றில் ஒரு 4 கிராம். சட்னி, பொரியல் எல்லாம் சேர்த்தாலும் நாள் முழுக்க 15 கிராம் தேறாது. அவருக்குத் தேவை 70. (உடம்புக் கொழுப்புக்கும் சேர்த்துப் புரதம் கணக்கிடுவதில்லை; அவர் உயரத்துக்குச் சரிக்கட்டிய எடை சுமார் 60 கிலோ, கிலோவுக்கு 1.2 கிராம்.) பற்றாக்குறையை உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குறைந்த பத்துக் கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. புது மூட்டோ உலோகமும் பிளாஸ்டிக்கும்; தானாக நடக்காது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை ஓய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல மூட்டைப் பொருத்தினாலும் ஆள் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

ஆனால் பழி முழுக்க என்மேல் விழாது. அல்புமின் என்பது சாப்பாட்டை மட்டும் காட்டும் எண் அல்ல. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும், ஈரலோ சிறுநீரகமோ தகராறு செய்தாலும் இறங்கும். ஹீமோகுளோபின் குறைய வேறு காரணம் இருக்கலாம். அந்த அம்மா நாலு வருஷமாக வலி மாத்திரை போட்டவர், பல நாள் வெறும் வயிற்றில்; அது வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கலாம். நாற்காலியிலிருந்து எழ முடியாதது வலி முற்றியதாலும் இருக்கலாம். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. "இது உங்க டயட்டாலதான்னு சொல்ல முடியாது" என்று சர்ஜனே சொன்னார். சொன்ன விதத்தில் இரக்கம் இருந்தது. அதனாலேயே முழுதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகஸ்டில் அல்புமின் பார்க்கவே இல்லை. 4இலிருந்து 2.9க்கு வந்ததா, முன்பே 3ஆக இருந்ததா என்பதற்கு இனிப் பதில் கிடையாது.

பிறகு எண்டோஸ்கோபி செய்தார்கள். வயிற்றில் சிறு புண்கள் இருந்தன. அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தேதி தள்ளிப்போனதைச் சொன்னபோது அந்த அம்மா கோபப்படவில்லை. "கொறைன்னும் நீதான் சொன்ன. சாப்புடுன்னும் நீதான் சொல்ற" என்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையை மூடி வேலையாளை அனுப்பியிருந்தார்கள். இன்னும் எட்டு வாரம் மூடியிருக்க வேண்டும். நான் அல்புமின் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். அவர் சொன்னதற்கு அது பதிலே இல்லை.

இரண்டாவது தடவை தாள் கொடுக்கவில்லை. காலையில் 200 மில்லி பால், 6 கிராம். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், இரண்டு முட்டை: 20 கிராமுக்கு மேல். பதினொரு மணிக்குச் சுண்டல், ஊறப்போடும் முன் 50 கிராம் எடை இருக்க வேண்டும்; அது 10. மதியம் சோறு ஒரு கப், பருப்பு ஒரு கப், இரண்டு துண்டு மீன்: 28 வரும். ராத்திரி ஒரு தோசை, ஒரு கப் தயிர். விரத நாளென்றால் மீனுக்குப் பதில் 30 கிராம் மீல்மேக்கர், அதிலேயே 15 கிராம் இருக்கிறது. ஒரே வேளையில் மொத்தத்தையும் தள்ளாமல் நாள் முழுக்கப் பிரித்துக் கொடுப்பது முக்கியம். வயதானவர்களின் தசை வேளைக்கு 25 கிராம் அளவில் வந்தால் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

"எந்தக் கப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி கப் 150 மில்லி. அவர் வீட்டில் கப்பே கிடையாது.

புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் இரும்புச் சத்து மாத்திரை சரியாகச் சேராது. அதனால் இரும்பை நரம்பு வழியாகவே ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை போதும், ஆனால் காபி, டீ, பாலோடு விழுங்கக் கூடாது. எலுமிச்சை ஜூஸோடு எடுத்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ள வேண்டும்.

மகன் தினமும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. சூடாகக் குடித்தால் பசி எடுக்கும், அதுவரை நல்லது. ஆனால் அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. எலும்புக்கு எலும்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. சத்துமாவுக் கஞ்சியும் அப்படித்தான்: பெரும்பகுதி மாவுச்சத்து, தண்ணீரில் கரைக்காமல் பாலில் காய்ச்சினால் கொஞ்சம் தேறும்.

உடற்பயிற்சி ஃபிசியோவின் வேலை. உயரமான நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, அதிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார்; வாரம் ஒரு தலையணையாக எடுத்தார். படுத்தபடி தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது, பிட்டத்தை இறுக்கி விடுவது, பத்துப் பத்தாக மூன்று வேளை. வாக்கர் பிடிக்கக் கையிலும் பலம் வேண்டுமே என்று இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கவைத்தார்.

பொங்கல் கழிந்து ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கு அல்புமின் 3.6, ஹீமோகுளோபின் 11.4, எடை 77. காயம் தகராறு இல்லாமல் ஆறியது. பட்டபாடு மலச்சிக்கலோடுதான், வலி மாத்திரை குடலைக் கட்டிப்போட்டது. முருங்கைக்கீரை, வாழைப்பழம், இரண்டு லிட்டர் தண்ணீர், அதற்கும் மசியாமல் கடைசியில் மருந்து. மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி தருபவர்கள் தண்ணீரை மறந்தால் இருப்பதும் இறுகிப்போகும்.

அருவாமனையை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னோம். இந்த ஆபரேஷனுக்கு இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்திருந்தால் முதல் வாரங்களில் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. தரையில் குந்தி வெங்காயம் நறுக்குவது இரண்டையும் சேர்த்துச் செய்வது மாதிரி. மேஜை, கத்தி, பலகை. இட்லிக் கொப்பரை இடுப்பு உயரத்துக்கு ஏறியது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்பதை அவர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் தீராத கணக்கு ஒன்று உண்டு. அந்த எட்டு வாரத் தாமதம் அவருக்கு நல்லதுதான் செய்தது. தாமதம் ஆனதே என் ஏழு நிமிடத்தால் என்றால், கெட்டது எது? புண் எப்படியும் இருந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் ரத்தம் உறையாத மருந்தோடு சேர்ந்து அது பெரிதாகக் கசிந்திருக்கலாம். அப்படி யோசிக்கும்போதே, வசதியாக யோசிக்கிறேன் என்றும் படுகிறது. பட்டினி கிடந்தது அவர்.

மூன்றாம் மாதம் ஃபாலோ அப்புக்கு வந்தார். வாக்கர் இல்லை, கையில் ஒற்றைக் கம்பு. எடை 79. சர்ஜன் எக்ஸ்ரேயைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுவிட்டு, சீட்டின் கீழே அதே இரண்டு வார்த்தையை எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்: எடை குறைக்கவும்.

அவர் சீட்டை நீட்டவில்லை. மஞ்சப் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. "இதுலதான் சாப்புடுறேன். எதுவரைக்கும்னு கோடு போட்டுக் குடு."

முதலில் நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டு எழுதினேன். பிறகு ஆஸ்பத்திரி கப்பால் தண்ணீர் ஊற்றி அளந்து, மார்க்கரால் இரண்டு கோடு போட்டேன்: பருப்புக்கு ஒன்று, சோற்றுக்குக் கொஞ்சம் கீழே ஒன்று. பருப்புக் கோட்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. சோற்றுக் கோட்டை ஒருமுறை அழித்து, கால் அங்குலம் மேலே போட்டுக் கொடுத்தேன்.