கட்டுத்தறியில் ஒரு தியானக்கூடம்

தாராபுரம் பக்கம் அப்பாரு கட்டிய தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, தியான விடுதியாக மாற்றும் வேலை மூன்று மாதமாக நடக்கிறது. தங்கும் அறைகளை வரைவது சுலபமாக முடிந்தது. மாட்டிக்கொண்டது கட்டுத்தறியில்தான்.

எட்டு மாடு கட்டிய இடம். நல்ல நீளம், சீமை ஓடு, கருங்கல் தரை, மேற்கே வேப்பமரம். கூடத்துக்கு இதைவிட்டால் வேறு இடமில்லை என்று முடிவு செய்து, ஒருநாள் பாயை விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம்தான் உறைத்தது: கோமியம் வடியட்டும் என்று தரையையே சரிவாகப் போட்டிருக்கிறார்கள்! விபஸ்ஸனா தியான முகாம் என்றால் 10 நாள், விடிகாலை 4 மணிக்கே எழுப்பிவிடுவார்கள், நாள் முழுக்க உட்காரணும். இந்தச் சரிவில் யாரால் முடியும்?

கல்லைப் பெயர்க்க மனசு வரவில்லை. மேலே பலகை மேடை போடுகிறோம். வடிகால் அப்படியே அடியில் இருக்கும்.

சுவர் மண்சுவர். நடுவில் ஒரு முறை சிமெண்ட் பூசியதில் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடிப்பக்கமெல்லாம் பொரிந்து கிடந்தது. சுரண்டிவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பு பூசுகிறோம். வெல்லத்துக்கு ஈ மொய்த்தது தனிக்கதை.

கல்தொட்டியை எடுத்துவிடலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் கண்ணு, வர்றவங்க காலு கழுவிக்கட்டும்."

சரி, வரைபடத்தில் வாசலை அந்தப் பக்கம் மாற்றிவிட்டேன்.