பூட் பகிர்வில் இடமில்லை

8 மார்ச் 2025, சனி, பெங்களூரு

அல்சூரில் மேல்வீட்டு மாமா தம் மடிக்கணினியோடு இறங்கி வந்தார். உபுண்டு இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மேம்படுத்த முயன்றபோது, போதிய வட்டு இடம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டதாம். "முந்நூறு ஜிபி காலியாகக் கிடக்கிறதே தம்பி, இன்னும் எதை அழிக்கச் சொல்கிறது?" என்றார். மகளின் கல்யாண வீடியோக்களைக்கூட நேற்றிரவே அழித்திருக்கிறார். நல்லவேளையாக அவை குப்பைத்தொட்டியிலேயே கிடந்ததால் இடமும் விடுபடவில்லை, வீடியோவும் தொலையவில்லை.

பிழைச் செய்தியைக் கடைசிவரை படித்தால், அது கேட்பது பூட் பகிர்வில், அதாவது கணினி கிளம்புவதற்கென்று வட்டில் பிரித்துவைத்த சிறு பகுதியில், இடம். வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், கணினி கிளம்பத் தேவையான கெர்னல் (இயங்குதளத்தின் கரு) கோப்புகள் மட்டும் தனிப் பகிர்வில் இருக்கின்றன. நிறுவியவர் அதற்கு 512 எம்பிதான் ஒதுக்கியிருக்கிறார். கூடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் பூஜை அலமாரி நிறைந்தால் நிறைந்ததுதான்.

9 மார்ச், ஞாயிறு

பூட் பகிர்வில் மூன்று கெர்னல்கள் இருந்தன. கெர்னல் கோப்பு சிறியது. அதனுடன் வரும், கிளம்பும்போது தேவையானவற்றைச் சுருக்கி வைத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புதான் ஒவ்வொன்றும் நூறு எம்பியைத் தாண்டுகிறது. இப்போது ஓடும் கெர்னல் எது என்பதை யூநேம் கட்டளையில் உறுதி செய்துகொண்டு, மிகப் பழையதை உபுண்டுவின் மென்பொருள் நிர்வாகியான ஆப்ட் வழியாகவே நீக்கினேன். அந்தக் கோப்புகளை நேரடியாக அழித்துவிடலாம் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்தக் கெர்னலின் மென்பொருள் பொதி இன்னும் நிறுவப்பட்டிருப்பதாகவே கணினியின் பதிவேடு நம்பிக்கொண்டிருக்கும், அடுத்த புதுப்பிப்பில் அதே கோப்பு மீண்டும் உருவாகக்கூடும். ஓடும் கெர்னலையும், அவசரத்துக்கென்று இன்னொன்றையும் விட்டுவைத்தேன்.

அப்படியும் இன்னும் சிறிது இடம் தேவைப்பட்டது. இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் சுருக்கும் முறையை எக்ஸ்இசட் என்று மாற்றி, இரண்டையும் மறுபடி உருவாக்கச் சொன்னேன். நேரம் பிடித்தது; ஆனால் கோப்புகள் கண்கூடாக இளைத்தன. இந்த வன்பொருளுக்கு வேண்டிய நிரல்களை மட்டும் சேர்க்கும் வழியும் உண்டு. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கிளம்பாமல் போகலாம் என்பதால் அதைத் தொடவில்லை.

15 மார்ச், சனி

வெளி வட்டில் நகலெடுத்த பின் மேம்படுத்தல் தொடங்கியது, மாலைக்குள் முடிந்தது. தமிழ்99 விசைப்பலகை அப்படியே இருக்கிறது. மேம்படுத்தலின்போது முடக்கப்பட்ட வெளியார் மென்பொருள் களஞ்சியங்களை மட்டும் கையால் திரும்ப இயக்க வேண்டியிருந்தது. பூட் பகிர்வை ஒட்டியே மறைகுறியாக்கப்பட்ட பகுதி இருப்பதால் பூட் பகிர்வைப் பெரிதாக்குவது ஆபத்தான வேலை. அடுத்த பதிப்புக்குப் புதிதாக நிறுவி, பூட் பகிர்வுக்கு 2 ஜிபி ஒதுக்கிவிடலாம் என்றேன். மாமாவும் சரி என்றார்.