நீளமான மெத்தடை வெட்டும்போது

ரீஃபாக்டரிங்கில், அதாவது எழுதிய நிரலைச் சீரமைப்பதில், நிரல் செய்யும் வேலை மாறக் கூடாது. உள்ளமைப்பு மட்டுமே மாற வேண்டும். ஆகவே முதலில் டெஸ்ட், அதாவது வேலை மாறவில்லை என்று சோதித்துக் காட்டும் நிரல். அது இல்லாமல் கை வைப்பது சூதாட்டம்.

அதிகம் கைகொடுப்பது மெத்தடைப் பிரித்தெடுப்பது: ஒரு மெத்தடின் (பெயரிட்டு அழைக்கும் நிரல்பகுதி) சில வரிகளை வெட்டிப் புது மெத்தடாக்குவது. பில் தொகையைக் கணக்கிடும் 80 வரி மெத்தட் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ‘தள்ளுபடி’ என்று கமெண்ட் போட்டு 12 வரிகள். புது மெத்தடுக்கான பெயர் அந்தக் கமெண்டிலேயே இருக்கிறது. வெட்டுமுன் லோக்கல் வேரியபிள்களை (அந்த மெத்தடுக்குள் மட்டுமே இருக்கும் மாறிகள்) பாருங்கள். வெட்டும் வரிகளுக்குள் வாசிக்க மட்டும் பயன்படுபவை பாராமீட்டர் (புது மெத்தடுக்குள் அனுப்பும் மதிப்பு) ஆகும். உள்ளே மதிப்பு மாறி, பிறகு வெளியேயும் தேவைப்படுவது ஒன்றே ஒன்று என்றால் ரிட்டர்ன் செய்துவிடலாம், அதாவது அழைத்த இடத்துக்கே திருப்பித் தரலாம். இரண்டு இருந்தால் நிறுத்துங்கள். பலர் இங்கேதான் அவற்றை கிளாஸின் ஃபீல்டாக்கிவிடுகிறார்கள், அதாவது கிளாஸில் உள்ள எல்லா மெத்தடுகளும் தொடக்கூடிய மாறியாக்கிவிடுகிறார்கள். பிறகு எந்த மெத்தட் முதலில் ஓட வேண்டும் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பிழை வேறெங்கோ தலைகாட்டும். அதைவிட ஒவ்வொரு வேரியபிளுக்கும் தனி மெத்தடாக வெட்டுங்கள்.

அந்த 12 வரிகளுக்குள் ஒரு ரிட்டர்ன் ஒளிந்திருக்கிறதா? இடம் மாறிய பின் அது புது மெத்தடை மட்டுமே முடிக்கும். பழையது தொடர்ந்து ஓடும்.

வாடிக்கையாளர் வகையைப் பார்க்கும் ஸ்விட்ச் (மதிப்பைப் பொறுத்து வழி பிரிக்கும் கட்டளை) ஒரே இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். அதே ஸ்விட்ச் மூன்றாவது இடத்திலும் முளைத்தால், வகைக்கொரு சப்கிளாஸ் (மூலக் கிளாஸிலிருந்து பிறக்கும் கிளாஸ்) எழுதலாம்.

பெயர் மாற்றத்தை எடிட்டரே செய்துவிடும். ஆனால் ஸ்ட்ரிங்குக்குள் (மேற்கோள் குறிக்குள் உள்ள உரை) எழுதி, ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே பெயரைக் கொண்டு மெத்தடைத் தேடும் வசதி) வழியாக அழைக்கும் பெயர்களை அது பெரும்பாலும் தொடாது. கம்பைல் ஆகிவிடும், ஓடும்போதுதான் உடையும்.