ஆறு மணிக்குக் கூடு அடைக்கணும்

சாயங்காலம் 6 மணிதான் பூக்கடைக்கு உயிரான நேரம். விளக்கு வைப்பதற்கு முன்னால் சாமிக்குப் பூ வேண்டும். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் "அக்கா, ரெண்டு முழம் குடுங்க" என்று கையை நீட்டுவார்கள். மொட்டாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லி அப்போதுதான் லேசாக வாய் திறக்க ஆரம்பிக்கும். அதே 6 மணிக்குத்தான் வீட்டுக் கொல்லையில் என்னுடைய 22 நாட்டுக்கோழிகளும் கூட்டில் ஏறும். ஏறுவதை அவை யாரும் சொல்லாமலே செய்துவிடும். கதவைச் சாத்த மட்டும் ஆள் வேண்டும்.

எங்கள் கடை மாதவரத்தில், ஒரு அம்மன் கோயில் தெருவில் இருக்கிறது. 2011ல் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் இன்னும் கொல்லை வைத்த வீடுகள் உண்டு, முருங்கை மரம் உண்டு. கோழி வளர்ப்பது மாமியார் எனக்குக் கொடுத்த பழக்கம். இப்போது முட்டி வலியால் அவரால் குனிய முடியாது. கடையில் உட்கார்ந்து பூக் கட்டித் தருகிறார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் ஊரில் இருக்க மாட்டார். அதனால் விடிகாலை 3 மணிக்குக் கோயம்பேடு போவதும் நான்தான், கூட்டைத் திறந்துவிடுவதும் நான்தான்.

விடிகாலை வேலை எனக்குச் சிரமமாகத் தெரிந்ததில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் பூவைப் பிரித்து வைத்துவிட்டு, கூட்டைத் திறந்து கம்பும் நொய்யும் போட்டு, தண்ணீர் மாற்றி, குளித்துவிட்டுத்தான் பூவைத் தொடுவேன். இந்த வரிசையை மாற்றவே மாட்டேன். ஒருத்தர் தலையில் வைக்கப்போகிற பூ, சாமி கழுத்தில் ஏறப்போகிற பூ. கூட்டு நாற்றம் ஒட்டிய கையோடு அதைத் தொட மனசு வராது.

சாயங்காலம்தான் பிரச்சினை. ஒரு கார்த்திகை தீபத்தன்று கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அந்த மாதத்தில் 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும். நான் வீட்டுக்கு வந்தபோது மணி 8 ஆகிவிட்டது. கீரி புகுந்திருந்தது. 9 குஞ்சில் 5 போய்விட்டன. தாய்க்கோழி மீதிக் குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அன்றைக்குக் கல்லாவில் நல்ல பணம். அதை எண்ணக்கூட அன்று ராத்திரி கை வரவில்லை.

அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். பத்தாவது படிக்கிறாள். தினமும் வந்து கோழிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுவாள். "22 இருக்கு அத்தை" என்று அவள் போனில் சொன்ன பிறகுதான் எனக்குக் கடையில் நிம்மதி. வாரம் 6 முட்டை அவளுக்கு.

எல்லாரும் கேட்பது இதுதான்: "மிஞ்சின பூவைக் கோழிக்குப் போட்டுடலாமே, உங்களுக்கு என்ன கவலை?" நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் அடி நூலால் வந்தது. வாடிய சரத்தை அப்படியே கொல்லையில் போடுவேன். ஒரு விடைக்கோழி நொண்டிக்கொண்டே வந்தது. தூக்கி மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பூ கட்டுகிற நூல் நடுவிரலில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. சதை வீங்கி நூலையே மூடிவிட்டது. பிளேடு முனையால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். கோழி கத்தவில்லை, என் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியும் அந்த விரல் கறுத்து ஒரு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. வாழைநாராக இருந்திருந்தால் மக்கி அறுந்திருக்கும். இந்த நூல் அறாது.

இரண்டாவது அடி அரளி. கோயில் மாலைக்கு வாங்கியதில் மீந்ததும் வேறு பூக்களுமாக ஒரு சாக்கு. மழை பெய்ததால் அன்று கோழிகளை வெளியே விடவில்லை. அவசரத்தில் சாக்கைக் கூட்டுக்குள் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வெளியே மேய்கிற கோழி அரளியை ஒதுக்கிவிடும். அடைபட்டுக் கிடக்கிற இளங்கோழிக்கு வேறு வேலை இல்லை, கொத்திவிட்டன. சாயங்காலத்துக்குள் இரண்டு செத்துப்போயின. அரளியின் விஷம் இதயத்தைப் பிடிக்கும், இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். எனக்கு அரளி விஷம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் கடையில் 20 வருஷமாகக் கையில் புழங்கும் பூ, அதை விஷமாகப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

செண்டுமல்லி மட்டும் கோழிக்கு நல்லது. அதன் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்கு நல்ல நிறம் கொடுக்கும். தீவனத்தில்கூட அதைச் சேர்ப்பார்கள். ஆனால் மார்க்கெட்டுக்கு வரும் பூ பார்வைக்கு வளர்த்த பூ, மருந்து அடித்திருப்பார்கள். அதனால் வேலியோரம் நானே 12 செடி வைத்திருக்கிறேன். அந்தப் பூவைக் கடைக்குக் கொண்டுபோக மாட்டேன், அது கோழிக்கு. கடையில் மிஞ்சும் பூ நேராக எருக்குழிக்குப் போகும், அதுவும் நூலைப் பிரித்த பிறகுதான்.

இரண்டு தொழிலுக்கும் ஒரே காலண்டர்தான், ஆனால் கணக்கு வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை, முகூர்த்த மாலை இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடுகளில் உதிரிப்பூவும் கேட்பார்கள், சேவலும் கேட்பார்கள். புரட்டாசியில் துளசி மாலை கட்டி மாளாது, கோழியை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், தீவனச் செலவு மட்டும் ஓடும். நாட்டுக்கோழி விற்கிற எடைக்கு வர நாலைந்து மாசம் ஆகும். அதனால் ஆடிக்கு வேண்டுமென்றால் மாசியிலேயே அடை வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் வைத்தால் பாதி முட்டை பொரிக்காது. மார்கழி, தையில் பனியால் மல்லி வரத்துக் குறைந்து கிலோ ஆயிரத்தைத் தாண்டும். அந்த நாட்களில் முட்டை விற்ற காசுதான் எனக்கு மார்க்கெட் முதல்.

சனிக்கிழமை இன்னொரு இழுபறி. வெள்ளைக் கழிச்சலுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசத் தடுப்பூசி போடுவது சனிக்கிழமையில்தான். கடையில் பெருமாளுக்கு மாலை கேட்டு வருவதும் அன்றைக்குத்தான். இதில் மட்டும் நான் யோசிப்பதே இல்லை, கடையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன். கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். இரண்டு மணி நேர வியாபாரம் அப்படிப் போய்விடாது.

இப்போது அந்த விரல் போன கோழிதான் அடையில் இருக்கிறது. பழைய பூக்கூடையில் வைக்கோல் பரப்பி 11 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், 9 முட்டையில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. 21ஆம் நாள் முகூர்த்த நாளில் வருகிறது. மூன்று ஜோடி மாலைக்கு ஆர்டர் எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அன்றைக்குக் காலையிலிருந்தே கொல்லையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறாள். முதல் ஓட்டில் விரிசல் விழுந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.